காலை எட்டு நாற்பதுக்குக் கேட்ட வாக்கியம்

அத்தியாயம் பதினேழு

அம்மா இறந்து பத்து வாரங்கள் ஆகியிருந்தன. அந்தப் பத்து வாரங்களில் அந்தக் குடும்பம் அழுது முடித்து, ஏன் என்று கேட்கத் தொடங்கி, அந்தக் கேள்விக்குப் பதிலாக ஓர் ஆளையும் பிடித்து நிறுத்தியிருந்தது: தம்பியின் மனைவி. ஊருக்கெல்லாம் ஊசி போடுகிற நர்ஸ், சொந்த மாமியாருக்கு இதய மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்துவிட்டாள் என்றான் அண்ணன். ரத்தத்தில் மருந்து மிகுந்திருந்ததாகப் பரிசோதனையும் சொன்னது. “நான் ஒரே ஒரு தடவைதான் கொடுத்தேன்” என்று அவள் அழுதபோது, கப்பலில் வேலை பார்க்கும் கணவன்கூடப் போனில் “சரி, சரி” என்றுதான் சொன்னான். அந்தச் ‘சரி’யில் நம்பிக்கை எத்தனை பங்கு, அலைச்சத்தம் எத்தனை பங்கு என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை.

சென்ற வாரம் அண்ணன் கையெழுத்திட்ட புகார் இந்த வாரம் மருத்துவமனையில் விசாரணையாக வளர்ந்துவிட்டது. இன்று மாலை நான்கு மணிக்கு. முடிவு பாதகமானால் இனி அவள் எங்கும் நர்ஸாக வேலை பார்க்க முடியாது.

இவ்வளவும் தெரிந்திருந்தும் பண்டிதை அன்று காலை வழக்கம்போல் அகராதி அலுவலகத்துக்குத்தான் போனாள்.

பண்டிதை என்பது அண்ணன் வைத்த பட்டப்பெயர். உடன்பிறந்தோர் மூவரில் நடுப்பிள்ளை அவள். ஆங்கிலம் கற்கும் தமிழர்களுக்கான பெரிய அகராதி ஒன்றில், ஒற்றை வினைச்சொல்லை அவளிடம் ஒப்படைத்திருந்தார்கள்: ‘டேக்’. மூன்று ஆண்டுகளாக அவளுக்கு அதனோடுதான் குடித்தனம். பஸ்ஸோடு சேர்ந்தால் அது பிடிப்பது. பரீட்சையோடு சேர்ந்தால் எழுதுவது. முடிவோடு சேர்ந்தால் எடுப்பது. பழியோடு சேர்ந்தால் ஏற்பது. மாத்திரையோடு சேர்ந்தால் சாப்பிடுவது. ஆங்கிலத்தில் ஒரே ஆள்தான். தமிழில் நுழைகிற வீட்டுக்கு ஏற்ற வேலையைச் செய்யவேண்டியிருந்தது.

அந்த அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. எடுத்துக்காட்டு வாக்கியங்களைக் கற்பனையாக எழுதக்கூடாது. யாரோ ஒருவர் உண்மையாகவே பேசியதாக, காதால் கேட்டதாக இருக்கவேண்டும். கேட்ட ஒரு மணி நேரத்துக்குள் கார்டில் எழுதி, சொன்னவர் என்ன உறவு, என்ன தொழில், எந்தத் தேதி, எத்தனை மணி என்று குறிக்கவேண்டும். வினையும் அதோடு சேரும் இணைச்சொல்லும் விளங்குகிற அளவுக்கு வாக்கியம் போதும். மிச்சத்துக்கு மூன்று புள்ளிகள்.

இந்த விதியால் பண்டிதைக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டிருந்தது. யார் எதைப் பேசினாலும் அவள் காது அந்த வினைச்சொல்லுக்காகக் காத்திருக்கும். “அவகிட்டப் பேசும்போது பாத்துப் பேசு, கார்டு போட்டுடுவா” என்று வீட்டில் கேலி செய்வார்கள். அம்மாகூட ஒருமுறை, “நான் செத்தா அழுவியா, இல்ல அழுகுறவங்க சொல்றதை எழுதிக்கிட்டு இருப்பியா?” என்று கேட்டுச் சிரித்திருக்கிறாள்.

பத்தரை மணிக்கு மெய்ப்புத் திருத்துபவர் வந்து நின்றார். பேச்சின் நடுவே நினைத்த இடத்தில் நின்றுவிடுவார் என்பதால் அலுவலகத்தில் அவருக்குக் காற்புள்ளி என்று பெயர்.

“அம்மா, மாத்திரை வர்ற பக்கத்துல ஒரு... கேள்விக்குறி இருக்கு.”

“யார் போட்டது?”

“ஆசிரியர்தான். மூலக் கார்டை... ஒருதடவை ஒத்துப்பார்க்கணுமாம். பன்னெண்டு மணிக்கு அச்சுக்குப் போகுது. என் பேத்திகூட, தாத்தா மாத்திரை எடுத்துக்கோங்கன்னு... சொல்றா. எடுத்து எங்கே வைக்கணும்னு... கேட்டேன்.”

பண்டிதை சிரித்துக்கொண்டே எழுந்து இழுப்பறையைத் திறந்தாள். நூற்றுக்கணக்கான கார்டுகள். ‘மாத்திரை’ என்ற பிரிப்பட்டையின் பின்னால் ஆறு இருந்தன. நான்காவதில் அவளுடைய கையெழுத்தே கிடந்தது.

“மதர் டுக் ஹெர் டேப்லெட் ஃப்ரம் மை ஹேண்ட் திஸ் மார்னிங்...”

சொன்னவர்: அண்ணன், கிடங்கு மேலாளர். தொலைபேசியில். வியாழன். காலை 8.40.

அம்மா இன்றைக்குக் காலையில் என் கையால் மாத்திரை சாப்பிட்டாள்.

முதலில் வாக்கியம் சரியாக இருக்கிறதா என்றுதான் பார்த்தாள். சரியாக இருந்தது. அப்புறம் தேதியைப் பார்த்தாள். கண் அங்கேயே நின்றுவிட்டது. அம்மா இறந்த வியாழன் அது.

இரவுப் பணி முடிந்து நர்ஸ் வீடு திரும்பியது ஒன்பதேகாலுக்கு. மாத்திரைப் பெட்டியில் வியாழக்கிழமைக்கான கட்டம் நிரம்பியிருந்ததைப் பார்த்து, மாமியாருக்கு மாத்திரை கொடுத்ததும் அப்போதுதான். அன்று காலை அண்ணன் அந்த வீட்டுப் பக்கம் போனதாக இந்தப் பத்து வாரங்களில் யாரும் சொல்லவில்லை. அண்ணனும் சொல்லவில்லை.

அவளும்தான் சொல்லவில்லை.

மெல்ல மெல்ல அந்தக் காலை திரும்பி வந்தது. அலுவலக மாடிப்படியில், போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு நின்றிருந்தாள். வெளிநாட்டு வியாபாரிகளோடு பேசிப் பேசி, தங்கையிடமும் பாதி ஆங்கிலத்தில் பேசுவது அண்ணனின் வழக்கம். அவனுக்குப் பழக்கம், அவளுக்கு அறுவடை. “ஒரு நிமிஷம் அண்ணா, அதைத் திரும்பச் சொல்லு” என்றாள். அவன் சிரித்துவிட்டு நிறுத்தி நிதானமாகத் திரும்பச் சொன்னான். ஓரெழுத்துப் பிசகாமல் எழுதிக்கொண்டாள். “நல்லா இருக்கு” என்றாள். அம்மா நலமாக இருப்பதைச் சொல்லவில்லை, வாக்கியத்தைச் சொன்னாள். ஒன்பது மணிக்குக் கார்டைத் தட்டில் போட்டாள். பதினொன்றுக்கு அம்மா விழுந்துவிட்டதாகப் போன் வந்தது. அதற்குப் பிறகு அவளுக்கு எந்த வாக்கியமும் நினைவில் நிற்கவில்லை.

எட்டு நாற்பதிலிருந்து ஒன்பதேகால். முப்பத்தைந்து நிமிடங்கள் அவள் கையில் இருந்திருக்கின்றன.

“அம்மா... முகம் ஏன் இப்படி...”

கார்டை நீட்டினாள். காற்புள்ளி படித்தார். அந்த வீட்டுச் சங்கதி அவருக்கும் தெரியும். இரங்கலுக்கு வந்தவர், விசாரணை பற்றியும் கேட்டிருந்தவர்.

“கார்டு கட்டடத்தை விட்டு வெளியே போகக்கூடாதுன்னு விதி இருக்கு, சார்.”

“எடுத்துக்கிட்டுப் போங்க, அந்த வாக்கியத்தை நான் பக்கத்திலேர்ந்து தூக்கிடறேன்” என்றார், ஓரிடத்திலும் நிற்காமல்.

*

அண்ணன் வேலை பார்த்தது ஒரு குளிர்கிடங்கில். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஆட்கள் தடித்த மேலங்கியோடு, குளிரில் மூச்சு ஆவியாகப் பறக்க நடமாடுவார்கள். பெட்டி தூக்கும் வண்டிகள் பின்வாங்கும்போதெல்லாம் பீப்பீ என்று அலறின. மேலாளர் அறைக்குக் கண்ணாடிச் சுவர். அதன் ஓரங்களில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

“என்ன பண்டிதை, இந்தப் பக்கம்? வாக்கியம் பொறுக்கவா?”

அவள் கார்டை மேசைமேல் வைத்தாள். அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தான். ஒரு வரியைப் படிப்பதற்கு அத்தனை நேரம் தேவையில்லை.

“இதை வேற யாராவது பார்த்தாங்களா?”

அவன் கேட்ட முதல் கேள்வி அதுதான். அது போதுமாக இருந்தது அவளுக்கு.

“அப்ப நிஜம்தானா?”

“எழுதினது நீ. என்னைக் கேக்குற?”

“பெட்டியில அன்னைக்கு மாத்திரை அப்படியேதானே இருந்துச்சு?”

அண்ணன் நாற்காலியில் சாய்ந்தான். சாய்ந்ததும் சட்டென்று வயதாகிவிட்டவன் போலத் தெரிந்தான்.

“மாத்திரை அட்டை புதுசா ஒண்ணு வாங்கிட்டுப் போயிருந்தேன். ராத்திரித் துணைக்கு இருந்த பொம்பள ஏழரைக்கே கிளம்பிட்டா. அம்மா தனியா உக்காந்திருந்தா. மாத்திரை சாப்பிட்டியாம்மான்னு கேட்டேன். நீ கொடுத்தா சாப்பிடுறேன்னா. அந்தப் பெட்டியில எந்தக் கட்டம் எந்த நாள்னு எனக்கு எங்கே தெரியும்? பையிலேர்ந்த அட்டையிலயே ஒண்ணைப் பிதுக்கிக் கொடுத்தேன். வருஷத்துக்கு ரெண்டு தடவை போய்ப் பாக்குற பிள்ளை. அன்னைக்கு ஒரு நாள் பிள்ளையா இருந்துட்டுப் போவோம்னு நினைச்சேன்.”

“பத்து வாரமா ஏன் சொல்லலை?”

“எப்படிச் சொல்வேன்? என் கையால ஆச்சுன்னு என் வாயால எப்படிடி சொல்வேன்?”

“அதுக்காக அவ தலையில கட்டிட்டியா? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறது கேள்விப்பட்டிருக்கேன். நீ அடுத்தவ தட்டுல கொண்டுபோய் மறைச்சிருக்க.”

“ஏய், வாயை அளந்து பேசு. நான் சொல்லாம இல்ல. சொன்னேன். உன்கிட்டத்தான் சொன்னேன்.”

அவன் விரல் கார்டில் அந்த மூன்று புள்ளிகளின்மேல் விழுந்தது.

“இங்க நான் என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா? ‘சின்னவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு, தெரியாம மறுபடி கொடுத்துடப் போறா’ன்னு சொன்னேன். நீ நல்லா இருக்குன்ன. போனை வெச்சுட்ட.”

கண்ணாடிக்கு அப்பால் ஒரு வண்டி அலறிக்கொண்டே பின்வாங்கியது. பண்டிதை அந்தக் காலையை மறுபடி முதலிலிருந்து நினைத்துப் பார்த்தாள். மாடிப்படி நினைவிருந்தது. பேனாவின் மூடியைப் பல்லால் கடித்திருந்தது நினைவிருந்தது. ‘மார்னிங்’ என்ற சொல் வரைக்கும் அண்ணனின் குரலே காதில் ஒலித்தது. அதற்கப்பால் வெறும் புள்ளிகள். அவன் பொய் சொல்லக்கூடியவன். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அது தெரியும். தான் கேட்காமல் விடக்கூடியவள் என்பதும் இப்போது தெரிந்துவிட்டது.

“நீ சொல்லியிருப்பன்னு நினைச்சேன்” என்றான் அண்ணன், குரலைத் தாழ்த்தி. “சொல்லியும் அவ அசட்டையா கொடுத்திருக்கான்னு நினைச்சேன். அந்தக் கோவத்துலதான் கையெழுத்துப் போட்டேன்.”

“என்னை ஒரு தடவை கேட்டிருக்கலாமே, அண்ணா.”

“கேட்டிருந்தா? ‘நான் அவகிட்டச் சொல்லலை’ன்னு நீ சொல்லிட்டா? அப்புறம் பழியை ஏத்துக்க யாருடி மிச்சம்? நீயும் நானும்தானே?”

அவன் கேட்காமல் இருந்ததற்குக் காரணம் அதுதான். பத்து வாரங்களாக அவளுக்கும் சேர்த்தே அவன் வாயை மூடிக்கொண்டிருந்தான் என்று கொள்ளலாம். தன்னை மறைத்துக்கொள்ளத் தங்கையை முன்னால் நிறுத்துகிறான் என்றும் கொள்ளலாம்.

“கிழிச்சுப் போட்டுடு” என்றான். “அவ வெளியிலேர்ந்து வந்தவ. சின்ன வயசு. ஏதாவது ஒரு வேலை தேடிப்பா. கடைசிவரைக்கும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்கப் போறது நாமதான். சொன்னாக் கேளு.”

பண்டிதை கார்டை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

“நாலு மணிக்கு விசாரணை. நீயும் வா.”

“போனீன்னா, அந்த மூணு புள்ளியையும் நானே வந்து சொல்வேன்.”

“வா. வந்து சொல்லு.”

*

மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், தலைமை நர்ஸின் அறைக்கு வெளியே மர பெஞ்சில் தம்பி மனைவி உட்கார்ந்திருந்தாள். வேலைச் சீருடை இல்லாமல் அந்த வராந்தாவில் அவளைப் பார்ப்பது இதுவே முதல்முறை. போகிறவர் வருகிறவர் எல்லாம் அவளோடு வேலை பார்த்தவர்கள். தலையசைத்துவிட்டு வேகமாகக் கடந்து போனார்கள்.

“நீங்க எங்கே அண்ணி, இங்கே?” என்று திடுக்கிட்டு எழுந்தாள். “எனக்கு எதிராச் சொல்லவா?”

“இல்லம்மா. உள்ளே வா, சொல்றேன்.”

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்த தலைமை நர்ஸ் மட்டும்தான் பேசினார். இளைத்த உடம்பு, ஒரு நோயாளியின் நாடியைப் பார்ப்பதுபோல் எதையும் அவசரப்படாமல் பார்த்தார். கார்டை இருமுறை படித்தார்.

“இது யார் கையெழுத்து?”

“என்னுது.”

“இதை ஏன் எழுதினீங்க?”

பண்டிதை தன் வேலையைப் பற்றிச் சொன்னாள். அகராதி, வினைச்சொல், ஒரு மணி நேர விதி. சொல்லச் சொல்ல, கேட்பவர்களின் முகத்தில் எல்லாம் ஒரே எண்ணம் ஊறுவதைக் கண்டாள். அதைத் தலைமை நர்ஸ் கேள்வியாக்கினார்.

“அப்படின்னா எட்டு நாற்பதுக்கே உங்களுக்குத் தெரியும், அம்மாவுக்கு மாத்திரை கொடுத்தாச்சுன்னு.”

“கேட்டேன்.”

“தெரியுமா, தெரியாதா?”

“கேட்டேன், மேடம். எழுதினேன். ஆனா தெரிஞ்சுக்கலை. எங்க வேலையில இது ரெண்டும் தனித்தனியா ஆகிப்போச்சு. எனக்கு ஆகிப்போச்சு.”

பக்கத்தில் இருந்த தம்பி மனைவி சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள்.

“இந்த மூணு புள்ளி?”

இங்கே நிறுத்திக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. அந்தப் புள்ளிகளுக்குள் இருந்ததற்கு வேறு சாட்சி கிடையாது. அண்ணன் வந்தால் அவன் சொல்லட்டும். வராவிட்டால் அது புள்ளிகளாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

“அந்த இடத்துல, மறுபடி கொடுத்துடாம சின்னவகிட்டச் சொல்லிடுன்னு என்கிட்டச் சொன்னதா அண்ணன் சொல்றாரு. எனக்கு ஞாபகம் இல்லை. ஆனா அவர் சொல்லலைன்னு சாதிக்க எனக்குத் தெம்பும் இல்லை. அதையும் எழுதிக்குங்க.”

பேனா ஓடுகிற ஓசை சற்று நேரம் கேட்டது.

“ரெண்டு பேரும் வெளியே இருங்க” என்றார் தலைமை நர்ஸ். அவருடைய குரலில் இப்போது கொஞ்சம் ஈரம் இருந்தது. “அந்தப் பொண்ணு ஒரு தடவைதான் கொடுத்திருக்கா. அது இப்ப எங்களுக்குப் புரியுது. பேசிட்டுக் கூப்பிடறோம்.”

வராந்தா பெஞ்சில் இருவரும் ஓர் ஆள் இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள். நன்றி வரும் என்று பண்டிதை எதிர்பார்க்கவில்லை. வரவும் இல்லை.

“ஒரு போன், அண்ணி” என்றாள் தம்பி மனைவி. “ஒரே ஒரு போன். பத்து வாரமா நான் கண்ணை மூடினா, என் கையும் அத்தை வாயும்தான் தெரியுது. எண்ணிப் பாக்குறேன். ஒண்ணுதான் வருது. மறுபடி எண்ணிப் பாக்குறேன். எனக்கே என் மேல சந்தேகம் வந்துடுச்சு. உங்க தம்பி பேசும்போது, ‘ஒருவேளை தூக்கத்துல கொடுத்திருப்பே’ன்னாரு. நானும் ஒருவேளைன்னு சொன்னேன்.”

“என்ன திட்டினாலும் திட்டு. நான் கேட்டுக்கறேன்.”

“திட்டத்தான் நினைச்சேன். முடியலை.”

அவள் இரண்டு கைகளையும் முழங்காலுக்கு நடுவே இறுக்கிக்கொண்டாள். ஊசி போடப் பழகிய கைகள் அவை.

“அன்னைக்கு நான் தண்ணியும் மாத்திரையுமா போனப்ப, அத்தை ஒண்ணு சொன்னாங்க. ‘இப்பத்தானே சாப்பிட்டேன், பெரியவன் கொடுத்தானே’ன்னு சொன்னாங்க.”

பண்டிதை திரும்பிப் பார்த்தாள்.

“தெளிவாத்தான் சொன்னாங்க, அண்ணி. அவரு வருஷத்துக்கு ரெண்டு தடவை வர்றவரு, காலங்காத்தால எங்கே வரப்போறாரு? முதல் நாள்தான், செத்துப்போன மாமா வந்து குடை கேட்டாருன்னு சொன்னாங்க. அந்த மாதிரிதான் இதுவும்னு நினைச்சேன். பெட்டியில மாத்திரை இருந்துச்சு. ராத்திரி முழுக்க நின்னுட்டு வந்திருந்தேன். தூக்கம் வேற. ‘சரி அத்தை, பெரியவர் கொடுத்தாரு, இப்ப நான் கொடுக்கிறேன், வாயைத் திறங்க’ன்னு சிரிச்சேன். அவங்களும் சிரிச்சுக்கிட்டே திறந்தாங்க.”

“இதை ஏன் யாருகிட்டயும் சொல்லலை? சொல்லியிருந்தா முதல் நாளே அண்ணன் மாட்டியிருப்பான். நீ தப்பிச்சிருப்பே.”

“ஒரு நர்ஸ்கிட்ட நோயாளி, ‘சாப்பிட்டேன்’னு சொல்லியும் கொடுத்தான்னா, அதுக்கப்புறம் என்னை எவ வேலையில வெச்சுப்பா? ஒரு தடவைதான் கொடுத்தேன்னு சொன்னேன். அது சத்தியம். அந்தச் சத்தியத்தைப் பிடிச்சுக்கிட்டே இத்தனை நாள் தொங்கிட்டேன்.”

வராந்தாவின் கோடியில் மாடிப்படியில் கனத்த காலடிச் சத்தம் கேட்டது. மேல்மூச்சு வாங்க, கைப்பிடியைப் பிடித்தபடி அண்ணன் ஏறி வந்துகொண்டிருந்தான். சொன்னபடியே வந்துவிட்டான். அதே நேரத்தில் அறைக்கதவு திறந்தது.

“உள்ளே வாங்கம்மா. நல்ல சேதிதான்” என்றது ஒரு குரல்.

தம்பி மனைவி எழுந்தாள். ஓரடி வைத்தவள் நின்று, பண்டிதையின் பக்கம் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

“இதையும் உள்ளே போய்ச் சொல்லிடவா, அண்ணி? இல்ல, இதோட விட்டுடவா? நீங்க சொல்றபடி செய்றேன்.”

பண்டிதை அவளுடைய மணிக்கட்டைப் பற்றினாள். சொல் என்றா, சொல்லாதே என்றா என்று அந்தப் பிடிக்கே தெரியவில்லை.